ஒதுக்கியாச்சு, சார்

அந்த மாட்டுத் தீவன ஆலையில் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக நான் சேர்ந்த மூன்றாம் நாள், குடோனுக்குள் நுழைந்து, கைக்கெட்டிய அடுக்கைக் காட்டி, "இந்தப் பத்து மூட்டை தேங்காய்ப் புண்ணாக்கை மிக்ஸருக்கு அனுப்புங்க" என்றேன்.

"அது ஒதுக்கியாச்சு, சார்" என்றது ஒரு குரல்.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஏறக்குறைய என் வயது. காதில் பேனா, கையில் கோணி ஊசி, தோளில் சணல் கயிறு. கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, அதை மூட்டையின் காதில் தைத்துக்கொண்டிருந்தார். "கன்றுத் தீவனம், மகளிர் குழு, வியாழன்" என்று எழுதியிருந்தது.

"வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே. இப்ப எனக்குக் குடுத்துட்டு, வர்ற லோடுல அவங்களுக்கு எடுத்து வையுங்க. புண்ணாக்கு எல்லாம் ஒண்ணுதானே?"

"பேருதான் சார் ஒண்ணு. இந்த லாட்டுல ஈரம் கம்மி, கன்னுக்குட்டி வயித்துக்குச் சரியா இருக்கும். வர்ற லோடு எப்படி இருக்குமோ, வந்தாத்தான் தெரியும். உங்களுக்கு அந்த ஓரத்துல பத்து மூட்டை வச்சிருக்கேன் பாருங்க."

அந்த ஓரத்தில் என் ஆர்டர் எண் எழுதிய தாளோடு பத்து மூட்டைகள் நின்றன. நான் கேட்பதற்கு முன்பே எனக்கும் ஒதுக்கியிருந்தார். கோபப்படவும் வழியில்லாமல் திரும்பி வந்தேன்.

ஸ்டோர் மேடம் என்றுதான் ஆலையில் எல்லோரும் அழைத்தோம். வெளியாட்களுக்கு அவருடைய வேலை புரியாது. தீவன ஆலை என்றால் ஒரு பக்கம் தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு, வெல்லப்பாகு, தாது உப்பு எல்லாம் வந்து இறங்கும். மறுபக்கம் குச்சித் தீவனமாக மூட்டை கட்டிப் போகும். நடுவில் எந்தச் சரக்கு எந்த ஆர்டருக்கு என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும். கறவை மாட்டுக்கு ஒரு கலவை, சினை மாட்டுக்கு ஒன்று, கன்றுக்கு ஒன்று. நட்டும் போல்ட்டும் என்றால் தப்பாகப் போட்டதைக் கழற்றிவிடலாம். இங்கே அது நடக்காது. "மிக்ஸர்ல விழுந்தா விழுந்ததுதான் சார். தவிட்டுலேருந்து புண்ணாக்கைப் பொறுக்கவா முடியும்?" என்பார் அவர்.

ஒதுக்கும் குணம் குடோன் வாசலோடு நிற்கவில்லை. கான்டீனில் பதினொரு மணிக்கு வடை வந்தால் முதலில் அதை அவர்தான் எண்ணுவார். பாய்லர்காரர் வெளியே நிற்கிறார், அவருக்கு இரண்டு. டிரைவர் எடைமேடையில் இருக்கிறார், அவருக்கு ஒன்று என்று தனியாக எடுத்துத் தாளில் மூடி வைத்துவிடுவார். ஒருமுறை முதலாளியே அந்தத் தாளைத் திறந்து ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டார். "சார், அது பாய்லர்காரருது" என்றார் மேடம். முதலாளி கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் ஆள் அனுப்பி வெளியே ஒரு வடை வாங்கி வந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

கும்பகோணத்திலிருந்து வரும் பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் கைப்பை இருக்கும். அடுத்த நிறுத்தத்தில் ஏறும் பேக்கிங் பிரிவுப் பெண்ணுக்கு என்று சொல்லிவைத்த இடம். நடத்துனரே அதைக் கேட்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையைக்கூட ஒதுக்கி வைத்திருந்தார். காலை மாமியாருக்கு, மாலை கோயிலுக்கு, மதியம் தூக்கத்துக்கு. ஒரு ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு முதலாளி ஏதோ அவசரம் என்று போன் பண்ணியிருக்கிறார். "இது தூங்குறதுக்கு ஒதுக்கின நேரம் சார், நாலு மணிக்கு நானே கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாராம். சரியாக நாலு மணிக்குக் கூப்பிட்டாராம். இதை முதலாளி பெருமையாகச் சொல்கிறாரா, புலம்புகிறாரா என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், ஒரு கதை இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"கதையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சிரித்தார். "ஒருத்தருக்குன்னு சொல்லியாச்சுன்னா அது அவங்களோடது. குடோன்ல இருக்குங்கிறதால நம்மளுது ஆயிடுமா?"

நான் சேர்ந்த ஒரு வருஷத்தில் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இருப்பு, ஆர்டர், ஒதுக்கீடு எல்லாம் இனிமேல் திரையில்தான் என்றார்கள். காலண்டர் தாளும் கோணி ஊசியும் போய்விடுமே, மேடம் முகம் சுளிப்பார் என்று நான் உள்ளூரச் சந்தோஷத்தோடு காத்திருந்தேன். சொல்லித் தர வந்த இளைஞரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, ஒரு மூட்டைய ரெண்டு ஆர்டருக்கு ஒதுக்க விடுமா இது?"

"விடாதுங்க. ஒரு ஆர்டருக்குப் போட்டுட்டா அடுத்த ஆர்டருக்குக் காட்டவே காட்டாது."

"அப்ப நல்ல புரோகிராம்தான்" என்றார். ஒரே வாரத்தில் ஆலையிலேயே அதை நன்றாக ஓட்டத் தெரிந்தவர் அவர்தான் என்று ஆனது. காலண்டர் தாளையும் விடவில்லை. கம்ப்யூட்டர் நமக்கு, தாள் மூட்டைக்கு என்பது அவர் கணக்கு.

அந்தப் புரோகிராமில் ஒதுக்கீட்டை ரத்து செய்யவும் ஒரு வசதி இருந்தது. அதற்கான கடவுச்சொல் முதலாளியிடமும் மேடத்திடமும் என்னிடமும் இருந்தது. முதலாளிக்கு அது மறந்துபோனது. மேடம் அதைத் தொட்டதே இல்லை. நான் ஒருமுறை தொட்டேன்.

அது ஒரு புரட்டாசி மாதம். குத்தாலத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று மேடம் ஒருநாள் விடுப்பு எடுத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து எங்கள் பெரிய வாடிக்கையாளர், கடற்கரைப் பக்கத்து ஊரில் தீவனக் கடை வைத்திருக்கும் பாய், இரண்டு நாள் முன்னதாகவே லாரியை அனுப்பிவிட்டார். அவருடைய கலவைக்குப் பன்னிரண்டு மூட்டை தேங்காய்ப் புண்ணாக்கு குறைந்தது. குடோனில் சரியாகப் பன்னிரண்டு மூட்டை இருந்தது. கொள்ளிடக்கரை ஊர் ஒன்றின் மகளிர் குழுவுக்கு, கன்றுத் தீவனத்துக்காக ஒதுக்கியது. முதலாளி போனில், "பாய் லாரியைக் காக்க வைக்காதீங்க" என்றார். மறுநாள் பேராவூரணியிலிருந்து லோடு வந்துவிடும், யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டிவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

ரத்து செய்தேன். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றேன். மூட்டைகளின் காதில் தைத்திருந்த தாள்களை நானே பிய்த்துக் குப்பையில் போட்டேன். இயந்திரம் ஓடியது, பாயின் லாரி மாலைக்குள் புறப்பட்டுப் போனது.

மறுநாள் பேராவூரணி லோடு வரவில்லை. லாரி அச்சு முறிந்து வழியில் நிற்கிறது என்று தகவல் வந்தது. பத்து மணிக்கு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. மகளிர் குழுவின் செயலாளர் அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் இறங்கினார்கள். காலிச் சாக்கைக்கூட மடித்துக் கொண்டு வந்திருந்தார்கள்.

மேடம் அதற்குள் திரையைப் பார்த்திருந்தார். குடோனின் வெற்றுத் தரையையும் பார்த்திருந்தார். என்னிடம் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். "வாங்க சார், அவங்ககிட்ட சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"லோடு வரலைன்னு சொல்லிடலாம் மேடம்" என்று நடந்துகொண்டே முணுமுணுத்தேன்.

அவர் காதில் வாங்கவே இல்லை. செயலாளர் அம்மாவின் எதிரே நின்று, "அக்கா, உங்களுக்குன்னு ஒதுக்கி வச்ச சரக்கை நாங்க வேற ஆளுக்குக் குடுத்துட்டோம். தப்பு எங்களுது. நாலு நாள் ஆகும். வண்டிய நாங்களே அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

'நாங்க' என்றார். சரக்கை எடுத்த நேரத்தில் அவர் குத்தாலத்தில் அண்ணன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

செயலாளர் அம்மா கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. "பரவால்லம்மா. பெரிய ஆளுங்க வந்தா அப்படித்தான். எங்களுக்குப் பழக்கம்தானே" என்று சொல்லி, சாக்குகளை மறுபடி வண்டியில் ஏற்றினார். நான் அரைகுறையாக ஏதோ வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மேடம் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. வடை வந்தபோது எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார்.

கார்த்திகையில் மழை கொட்டியது. நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை வானம் வெளுத்தபோது செயலாளர் அம்மா போன் பண்ணினார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, ஆட்கள் எல்லாம் பத்திரமாகப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், ஆனால் வைக்கோல் போர் ஒன்று விடாமல் நனைந்து அழுகிவிட்டது. மாடுகளையும் கன்றுகளையும் மேட்டில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு நாளாக அவற்றுக்கு வாழைமட்டைதான். "எங்க ஆர்டர் அடுத்த மாசத்துக்குத்தான்னு தெரியும்மா. ஏதாவது பாத்துச் செய்யுங்க" என்றார்.

மரங்கள் விழுந்து பேராவூரணிச் சாலை அடைபட்டிருந்தது. புதுச் சரக்கு எதுவும் வர வழியில்லை. குடோனில் ஒரே ஒரு ஆர்டருக்கு மட்டும் எல்லாப் பொருளும் முழுதாக இருந்தது. பாயின் ஆர்டர். நாலு நாளில் அவருக்குப் போக வேண்டியது. அதே கலவையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுவிடலாம். புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டிக் கன்றுக்கும் ஒரு பேட்ச் எடுத்துவிடலாம்.

நான் முதலாளிக்குப் போன் பண்ணினேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்ல மனிதர்தான். "எடுத்துக் குடுத்துடுங்க. பாய்கிட்ட லோடு வரலைன்னு சொல்லிக்கலாம். ரோடுதான் அடைஞ்சு கிடக்கே, நம்பிடுவாரு" என்றார்.

மகிழ்ச்சியோடு குடோனுக்கு ஓடினேன். இந்தத் தடவை நல்ல காரியம். மேடமும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பாய்கிட்ட கேட்டாச்சா சார்?" என்றார்.

"முதலாளியே சொல்லிட்டாரு மேடம்."

"சரக்கு பாயோடது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், அங்க கன்னுக்குட்டி பட்டினியா நிக்குது. நீங்க இங்க சட்டம் பேசிட்டிருக்கீங்க."

"ஒரு போன்தான் சார். ரெண்டு நிமிஷம்."

"அவர் முடியாதுன்னு சொல்லிட்டா?"

 மேடம் காதிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "முடியாதுன்னா எடுக்க முடியாது. வேற எங்கயாவது கேட்டு அலையணும்" என்றார். அவருக்கும் அது பயமாகத்தான் இருந்தது என்று முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

எடைமேடை அறையில் நின்றுகொண்டு போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார். விவரத்தை எல்லாம் சொல்லி முடித்தார். பாய் தொண்டையைச் செருமினார்.

"கஷ்டமான விஷயம்தாம்மா. ஆனா எங்கிட்ட வாங்குறவங்களும் ஒரு மாடு ரெண்டு மாடு வச்சுப் பொழைக்கிறவங்கதான். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒண்ணு பண்ணுங்க. பாதி எடுத்துக்குங்க. பாதியை எனக்கு வச்சிருங்க."

எனக்கு அதுவே பெரிதாகப் பட்டது. போதும், வையுங்கள் என்று சைகை காட்டினேன். மேடம் வைக்கவில்லை.

"பாய், இன்னொண்ணும் சொல்லிடறேன். புரட்டாசியில உங்க லாரி முன்னாடியே வந்துச்சு இல்லீங்களா? அன்னிக்கு உங்களுக்குப் போட்ட புண்ணாக்குல பன்னிரண்டு மூட்டை இதே ஊர்க்காரங்களுக்கு ஒதுக்கினது. அவங்களக் கேக்காம எடுத்துட்டோம். வந்து காலிச் சாக்கோட திரும்பிப் போனாங்க. உங்கள நெருக்கணும்னு சொல்லல. இவங்களுக்காகக் கேக்கும்போது உங்ககிட்ட அதை மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சு, அதான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  

"எனக்கு அது தெரியாதேம்மா" என்றார் பாய். குரல் மாறியிருந்தது. "தெரிஞ்சிருந்தா நான் நின்னு வாங்கிட்டுப் போயிருப்பேனே. அவசரம் ஒண்ணும் இல்லையே எனக்கு அன்னிக்கு." பிறகு, "முழுசா எடுத்துக்குங்க. எங்க ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். கடையில பழைய இருப்பு கொஞ்சம் கிடக்கு, சமாளிச்சிக்கலாம்" என்றார்.

மேடம் நன்றி சொல்லிப் போனை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று பார்த்தால், "சார், ஜெனரேட்டர்ல டீசல் இருக்கா பாருங்க" என்றார்.

அன்று பகல் முழுவதும் இயந்திரம் ஓடியது. பேக்கிங் பெண்கள், பாய்லர்காரர், எடைமேடைக்காரர் எல்லோரும் மூட்டை பிடித்தார்கள். வெயில் இருக்கும்போதே இரண்டு டிராக்டர் புறப்பட்டது. முதல் டிராக்டரில் மேடம் ஏறிக்கொண்டார். அவரை ஏற வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. அங்கே மேட்டில் நின்று, எந்த வீட்டில் எத்தனை மாடு என்று கேட்டுக் கேட்டு அவர்தான் பிரித்துக் கொடுத்தாராம். செயலாளர் அம்மாவுக்கு இரண்டு மாடு, ஒரு கன்று. அவருக்கு உரியதைவிட ஒரு மூட்டை கூடுதலாகக் கொடுக்க யாரோ சொல்ல, அந்த அம்மாவே மறுத்துவிட்டாராம். இதைச் சொல்லும்போது மேடம் சிரித்த சிரிப்பு, தன் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு.

முதலாளி மறுநாள் வந்து, "என்னைக் கேக்காம பாய்க்கு எதுக்குப் போன் போட்டீங்க? பழைய கதையெல்லாம் எதுக்கு அவர்கிட்ட சொன்னீங்க?" என்று குதித்தார். மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பாய் எங்களை விட்டுப் போகவில்லை. அவருடைய ஆர்டர் பத்து நாள் தாமதமாகத்தான் போனது, அதற்கு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆகவே முதலாளியும் இரண்டு நாளில் இறங்கிவிட்டார்.

அடுத்த சித்திரையில் மேடத்தின் கணவர் மஸ்கட்டிலிருந்து ஊரோடு திரும்பி, பட்டுக்கோட்டையில் கடை வைத்தார். மேடமும் அங்கே போக வேண்டியதாயிற்று. கடைசி நாளில் சாவிக் கொத்தோடு ஒரு நோட்டையும் என் கையில் கொடுத்தார். முடியாத ஆர்டர்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நேரே அந்த வாடிக்கையாளரின் போன் எண். புது ஸ்டோர்காரர் வரும்வரை குடோனும் என் பொறுப்பில் வந்தது.

ஆடி மாதம் ஒரு வெளியூர் வாடிக்கையாளரின் லாரி வந்து நின்றது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு எட்டு மூட்டை குறைந்தது. எட்டு மூட்டை இருக்கத்தான் செய்தது. சுவாமிமலைப் பக்கம் ஐந்து மாடு வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு ஒதுக்கியது. அவர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் நோட்டைப் பார்த்துப் போன் போட்டேன். பாயின் நினைவோடு, நம்பிக்கையாக, விவரமாக, பணிவாகக் கேட்டேன்.

"முடியாதுங்க" என்றார் அவர். "எனக்கு வேணும். ஒரு மாடு கன்னு போட்டிருக்கு."

"ஒரு வாரத்துல வேற லோடு..."

"முடியாதுங்கன்னு சொல்றேன்ல."

போனை வைத்தேன். லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கடவுச்சொல் எனக்கு நினைவில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் முதலாளியிடம், இருக்கும் சரக்குக்கு ஆனதை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பலாம், மிச்சத்தை அடுத்த வாரம் அனுப்பலாம் என்றேன்.

"ஏன்? குடோன்ல எட்டு மூட்டை இருக்கே."

"கேட்டுப் பாத்தேன். அவர் முடியாதுன்னுட்டாருங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆக, நீங்களும் ஆரம்பிச்சாச்சா?" என்றார். பிறகு லாரி டிரைவருக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் அந்த விவசாயி வந்தார். தன் மூட்டைகளை ஒன்று ஒன்றாகத் தட்டிப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய சரக்கு. எதற்குச் சொல்ல வேண்டும்?